வீட்டு வேலைகளுக்கு நடுவே குரோஷாப் பரிசுகள்: எதைப் பின்னலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

கேள்வி கேட்டவர் சென்னையில் வசிப்பவர். இரண்டு சிறு பிள்ளைகள், உடன் வாழும் மாமனார் மாமியார், வீட்டிலிருந்தே பார்க்கும் பகுதிநேர வேலை. கொக்கி முனை கொண்ட ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவின் அடிப்படைப் பின்னல்கள் அவருக்குத் தெரியும். நவராத்திரி தொடங்கிப் பொங்கல் வரைக்குள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தம் கையால் பின்னியது ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் மகளுக்கென்று தொடங்கிய போர்வை முழங்கை நீளத்தைத் தாண்டாமல் பல மாதங்களாகப் பையிலேயே கிடக்கிறது, இதற்கு எப்படி நேரம் ஒதுக்குவது என்று கேட்கிறார்.

பல ஆண்டுகளாகப் பின்னியும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறவள் என்ற முறையில், உங்கள் சிக்கலின் வேர் நீங்கள் தேர்ந்தெடுத்த பொருளில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. குக்கரில் ஆவி அடங்கும் வரை பத்து நிமிடம், பாட்டு வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது இருபது நிமிடம், எல்லோரும் படுத்த பிறகு தூக்கம் வரும்வரை அரை மணி என்று துண்டு துண்டாகவே கிடைக்கும். அந்தத் துண்டு நேரத்துக்குள் ஏதாவது ஒரு பகுதி முழுதாக முடிந்துவிடுகிற பொருளை எடுத்துக்கொண்டால், பரிசு உரிய நாளில் தயாராகிவிடும். ஒரே வரிசைக்கு நூற்றைம்பது கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், கொண்ட போர்வையை எடுத்துக்கொண்டால், வரிசையின் நடுவில் நான்கு முறை எழுந்து போய், எண்ணிக்கை தவறி, பிரித்துப் பிரித்துப் பின்னுவதிலேயே ஆசை வற்றிவிடும்.

இந்த விஷயத்தில் குரோஷா நமக்கு இயல்பாகவே ஒத்துழைக்கிற கலை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கும். குழந்தை ஊசியை உருவிவிட்டால் அத்தனையும் நழுவும். குரோஷாவில், சில சிறப்பு வகைகளைத் தவிர, எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அழைப்பு மணி அடித்தாலும் பால் பொங்கினாலும் அந்தக் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்து, அதற்குள் ஓர் ஊக்கை நுழைத்துப் பூட்டிவிட்டு எழுந்து போகலாம். ஊசியை நூலிலேயே செருகிவிட்டுப் போவதைவிட இது நல்லது. பை சாய்ந்தாலும் பின்னல் பிரியாது, பிள்ளைகள் கையில் ஊசியும் அகப்படாது. புடவைக்குக் குத்தும் சிறிய ஊக்கு இரண்டைப் பையின் வாயிலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போர்வை விஷயம். குழந்தைக்கான போர்வை 75 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் இருந்தால் போதுமானது. அதை 15 செ.மீ. சதுரங்களாகப் பிரித்தால் அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு, மொத்தம் முப்பது சதுரங்கள் வேண்டும். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் கிரானி சதுரம் ஒன்றுக்கு உங்கள் கை இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், முப்பதுக்கும் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். இணைப்பு, நூல் முனைகளை மறைத்தல், சுற்றிலும் கரை பின்னுதல் ஆகியவற்றுக்கு இன்னும் நான்கைந்து மணி நேரம் சேர்க்க வேண்டும். நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று உட்கார்ந்தால் ஏழு வாரத்தில் முடியும். யாருக்காவது காய்ச்சல் வரும், விருந்தினர் வருவார்கள், பரீட்சை வரும். அதற்காக இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டால், தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு தொடங்கியவர் பொங்கலுக்குப் பதற்றமில்லாமல் போர்வையைக் கொடுத்துவிடலாம். எந்தப் பரிசானாலும் முதலில் ஒரு சதுரத்தையோ ஒரு பூவையோ கடிகாரம் பார்த்துப் பின்னி, இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்ட பிறகே நூல் வாங்குங்கள். முனைகளை மறைக்கும் வேலைக்குப் பெரும்பாலோர் நேரமே ஒதுக்குவதில்லை. பரிசுகள் பண்டிகைக்கு முந்தைய இரவில் அரைகுறையாக நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

சதுரமாகப் பின்னுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர் வெயிலில் வளர்ந்துகொண்டே போகும் போர்வையை மடியில் கிடத்திக்கொண்டு பின்னுவது பெரிய வேதனை. சதுரம் உள்ளங்கை அளவைத் தாண்டிச் சற்றே பெரிதாவதற்குள் முடிந்துவிடுகிறது. கைப்பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். மாமியாருக்கோ பெரிய பெண்ணுக்கோ பின்னத் தெரிந்தால் அவர்களிடமும் சிலவற்றைப் பிரித்துக் கொடுக்கலாம். இப்படிப் பகுதி பகுதியாகப் பின்னி இணைப்பது குரோஷாவின் பழைய வழக்கம். 1840களின் இறுதியில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்து வதைபட்டபோது, பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்த அயர்லாந்துக் குரோஷா லேஸ், பூக்களையும் இலைகளையும் தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைபோன்ற பின்னலால் கோத்து உருவானது. நமக்கு அருகில் ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே, சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே குரோஷா லேஸ் பின்னி வந்திருக்கிறார்கள்; அதற்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சென்னையிலேயே 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வை விரிக்கப்பட்டு கின்னஸ் சாதனையாகப் பதிவானது. ஏராளமான பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளைச் சேர்த்தே அது உருவானது. இவர்களில் யாருக்கும் நாள் முழுக்க ஓய்வு இருந்திருக்காது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நிறையும்.

பாதியில் நிற்கும் போர்வையைத் தொடரவே வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பின்னிய பகுதி நேராகவும் சீராகவும் இருந்தால் அங்கேயே முடித்து, இரண்டாக மடித்துத் தைத்து, உள்ளே மெத்தென்ற பஞ்சு உறையை வைத்துத் தலையணையாக்கிவிடலாம். ஓரம் உள்வாங்கிப்போய் ஒழுங்கற்று இருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, ஒரு நாள் தொங்கவிட்டால் சுருக்கம் பெருமளவு நீங்கி மறுபடி பின்ன உதவும்.

நவராத்திரிக்கு என்ன செய்யலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொலுவுக்கு வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கச் சிறிய, தட்டையான, ஒரே மாதிரியான பொருளே ஏற்றது. காபி டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு விரிப்பு அதற்கு மிகப் பொருத்தம். நடுத்தரப் பருமன் பருத்தி நூலும் 3.5 மி.மீ. ஊசியும் கொண்டு டபுள் குரோஷேயில் (ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு பின்னும் உயரமான கண்ணி) நான்கைந்து சுற்றுப் பின்னினால் டம்ளருக்குப் போதுமான 10 செ.மீ. வட்டம் கிடைத்துவிடும். முதல் சுற்றில் 12 கண்ணிகள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சம இடைவெளியில் 12 கண்ணிகள் கூட்டி 24, 36, 48 என்று போக வேண்டும். நூலைச் சுற்றாமல் பின்னும் குட்டையான சிங்கிள் குரோஷேயானால் 6இல் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும். விளிம்பு அலை அலையாக நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது, கிண்ணம்போல் குழிந்தால் குறைந்துவிட்டது. எண்ணிப் பார்க்காமலே பார்வையில் தெரிந்துவிடும். இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் தொப்பியின் உச்சி, சுருக்குப் பையின் அடி, கூடையின் அடி எல்லாமே கைவந்தாகிவிட்டது. ஒரே அளவில் பலவற்றைப் பின்னும்போது நான்காவது ஐந்தாவதிலிருந்து கை தானாகவே ஓடும், குழந்தை பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே பின்னலாம். இதற்கு நேர்மாறாக, நவராத்திரியை ஒட்டி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வடிவம் என்று திட்டமிடுவது கடைசி வாரத்தில் உங்களை அழவைத்துவிடும்.

புதுமனை புகுவிழாவுக்கோ நாத்தனார் வீட்டுக்கோ வாசல் தோரணம் நல்ல பரிசு. மாவிலைகளையும் சாமந்திப் பூக்களையும் தனித்தனியாகப் பின்னிச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு நீண்ட சங்கிலிப் பின்னலில் வரிசையாக மாட்டிவிட வேண்டியதுதான். இலை ஒன்று ஒரு அமர்வில் முடிந்துவிடும். வாசலில் வெயிலும் தூசியும் படுவதால் தோரணத்துக்கு மட்டும் நான் அக்ரிலிக் நூலையே பரிந்துரைப்பேன். அது எளிதில் சாயம் போகாது, துவைத்தால் சீக்கிரம் உலரும்.

வயதானவர்களுக்கு அவர்கள் ஏற்கெனவே எடுத்துப் புழங்குகிற பொருளையே பின்னுங்கள். மாமியார் இடுப்பில் செருகும் சுருக்குப் பை, மாமனாரின் மூக்குக் கண்ணாடிக்கு உறை, மாத்திரை அட்டைகள் வைக்கச் சிறு பை ஆகியவை தினமும் கையில் இருக்கும். பின்னுவதற்கு முன் அவர்களுடைய பழைய பையை எடுத்து அளந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் நெருக்கமாகப் பின்ன வேண்டும் என்பது தெரியும். சுருக்குப் பைக்குள் சில்லறைக் காசு நழுவாதபடி சிங்கிள் குரோஷேயில் இறுக்கமாகப் பின்னி, உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்துவிடுவது நல்லது.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் கரித்துணிக்கு மாற்றாகப் பாத்திரம் பிடிக்கும் பிடிதுணி பின்ன விரும்புபவர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அதற்கு முழுப் பருத்தி நூலைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. அக்ரிலிக் நூல் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியிலும் ஒற்றை அடுக்குப் போதாது. கண்ணிகளின் இடைவெளி வழியே சூடு கைக்கு வந்துவிடும். ஒரே அளவில் இரண்டு துண்டுகள் பின்னி ஒன்றாகச் சேர்த்து ஓரம் கட்டுங்கள். குஞ்சம், தொங்கும் நூல் எதுவும் வேண்டாம், அடுப்புத் தீயில் பற்றும். பார்வைக்கு எளியதாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பரிசு இது.

புடவை முந்தானைக்குக் குரோஷாக் குச்சு கட்டித் தருவது இப்போது பரவலாகிவிட்டது, கேட்பவர்களும் மிகுதி. அழகில் அதற்கு இணையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உங்கள் சூழ்நிலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய ஸ்டீல் ஊசியால் வழுக்கும் பட்டு நூலில் 45 முதல் 48 அங்குல அகலத்துக்குப் பின்ன வேண்டும். அதற்குள் பட்டுப் புடவையை விரிப்பதும் மடிப்பதும், எண்ணெய்க் கையும் சாறு சிந்தும் கிண்ணமும் அருகில் வராமல் காப்பதும் பின்னுவதைவிடப் பெரிய வேலையாகிவிடும். ஆசை விடவில்லை என்றால் கரையைத் தனி நாடாவாகப் பின்னிக்கொண்டு, ஒரே பிற்பகலில் முந்தானை ஓரத்தில் தைத்துவிடுங்கள். புடவை அந்த ஒரு நாள் மட்டும் பீரோவை விட்டு வெளியே வந்தால் போதும்.

வளைகாப்புக்கும் பெயர் சூட்டும் விழாவுக்கும் குழந்தைத் தொப்பியைவிட விரைவாக முடியும் உடைப் பரிசு கிடையாது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக 35 செ.மீ. அளவில் இருக்கும், ஆறு மாதத்தில் சுமார் 43, ஒரு வயதில் சுமார் 46 செ.மீ. ஆகிவிடும். தொப்பி தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. சிறியதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். ஆகவே தலைச் சுற்றளவில் மூன்று செ.மீ. கழித்து, மிச்சத்தை 3.14ஆல் வகுத்துக் கிடைக்கும் குறுக்களவு வரை உச்சி வட்டத்தைக் கண்ணி கூட்டிப் பின்ன வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது ஏறக்குறைய 10 செ.மீ., ஒரு வயதுக்கு ஏறக்குறைய 13.5 செ.மீ. அதன் பிறகு கூட்டாமல் காது வரை இறங்கினால் தொப்பி முடிந்தது. பரிசு கொடுக்கும்போது குழந்தை என்ன வயதில் இருக்கும், அந்த மாதத்தில் ஊரில் குளிர் இருக்குமா என்பதையும் யோசித்து அளவு எடுங்கள். சித்திரையில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பிறந்த குழந்தை அளவில் கதகதப்பான தொப்பி பின்னினால், மார்கழி வருவதற்குள் அது தலைக்குப் பற்றாது.

குழந்தைகளின் பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது என்பதால் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். தூங்கும் குழந்தைக்குத் தொப்பி மாட்ட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியே கொடுங்கள். உடல் சூடேறும், முகத்தில் சரிந்தால் மூச்சு முட்டும். கழுத்தில் கட்டும் நாடா, மணி, பொத்தான் எதையும் வைக்காதீர்கள். காலுறையின் உட்புறம் ஒரு நூல்கூடத் தளர்ந்து தொங்கக் கூடாது. அது பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டமே தடைபடும், குழந்தை ஏன் அழுகிறது என்பதும் யாருக்கும் புரியாது. பெரிய துளைகள் கொண்ட பின்னலில் விரல்கள் சிக்கும் என்பதால் குழந்தைப் போர்வைக்கான கிரானி சதுரங்களையும் பெரிய துளை விடாமல் நெருக்கமாகவே பின்னுங்கள். ஜப்பானிய அமிகுருமி முறையில் பொம்மை பின்னினால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் கண்கள் வேண்டாம். கருப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். அடைத்த பஞ்சு வெளியே தெரியாதபடி, நூலுக்குச் சொல்லப்படும் ஊசியைவிட ஓர் அளவு சிறிய ஊசியால் இறுக்கமாகப் பின்னுவதும் அவசியம்.

நூல் தேர்வைப் பற்றிச் சில வார்த்தைகள். கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக்தான். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினருக்கு அது சரி; சென்னையில் உடலில் படும் எதற்கும் பருத்தியே சுகம். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கக்கூடியது, ஆகவே 10 செ.மீ. மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னித் துவைத்து அளந்து பாருங்கள். ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில், ஒரே சாய எண் உள்ள உருண்டைகளாக வாங்க வேண்டும். உறையில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் மாறினால் கடை விளக்கில் ஒன்றுபோல் தெரியும் நீலம் பகல் வெளிச்சத்தில் இரண்டு நீலமாகிவிடும். மிக விரைவாக ஏதாவது பின்னியாக வேண்டும் என்றால், பனியன் துணிக் கழிவை நாடாவாக வெட்டிச் செய்யும் தடித்த நூலில் 8 அல்லது 10 மி.மீ. ஊசியால் கூடை பின்னலாம், ஓரிரு அமர்வில் முடிந்துவிடும். ஆனால் அது மணிக்கட்டுக்குக் கடினமான வேலை, பல கூடைகளை அடுத்தடுத்துப் பின்ன வேண்டாம்.

இரவில் கருப்பு, கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறங்களை எடுக்காதீர்கள். கண்ணி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே கண் எரியும். வெளிர் நிறங்களை இரவுக்கும் அடர்நிறங்களை ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் எத்தனையாவது சுற்று, எத்தனையாவது கண்ணி என்பதைக் கிழித்த தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துப் பையிலேயே வைத்தால் பத்து நாள் கழித்து வந்தாலும் தடுமாற மாட்டீர்கள். கட்டைவிரலோ மணிக்கட்டோ மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பாத்திரம் கழுவி, துணி பிழிந்து, தட்டச்சும் செய்த அதே கைகள்தாம் பின்னுகின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வலியை வைத்துக்கொண்டு பின்னிய பகுதி இறுகிப்போய் மற்றப் பகுதியோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

முடிக்கும்போது ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் சென்று, திரும்பி வந்து, மறுபடி ஒரு முறை சென்று மறைத்துவிடுங்கள். இரண்டு முறை மட்டும் ஓட்டிய முனை நாலாவது துவைப்பில் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் அதன் முனைகளை அப்போதே மறைத்துவிடுவது நல்ல பழக்கம். முப்பது சதுரங்களின் முனைகள் மொத்தமாகச் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். பருத்தியில் பின்னியதை நனைத்து, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, தடித்த போர்வையின் மேல் மூலைகளை இழுத்துக் குண்டூசி குத்தி உலரவிட்டால் வடிவம் நேராகிவிடும். மேசை விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டுமானால் நீர்த்த சோற்றுக் கஞ்சியில் நனைத்து இதேபோல் உலர்த்தலாம். ஆனால் எடுத்து வைக்கும் முன் கஞ்சியை அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

கொடுக்கும்போது எப்படித் துவைப்பது என்பதை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்: கையால் துவைக்கவும், முறுக்கிப் பிழிய வேண்டாம், கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்தவும். நனைந்த பின்னலின் பாரமே அதை நீளமாக இழுத்துவிடும் என்பதால் கடைசி அறிவுரை முக்கியமானது. மஞ்சள் கறை பட்டால் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் போடச் சொல்லுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கிவிடும். அதே நூலில் இரண்டு மூன்று மீட்டரைச் சிறு உருண்டையாகச் சுற்றிச் சீட்டோடு கட்டிக் கொடுத்தால், எங்காவது கண்ணி அறுந்தாலும் அவர்களே தைத்துக்கொள்ளலாம், அல்லது பொருளோடு சேர்த்து உங்களிடமே கொண்டுவருவார்கள்.